எஞ்சினுக்கு ஆயுள் வாரண்டி: யாருடைய ஆயுள்?

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில், 2016இல் நாங்கள் புதிய எஸ்யூவி வாங்கினோம். மூன்று டீலர்களிடம் விலை கேட்டோம். வண்டி ஒன்றுதான், நிறம்கூட ஒன்றுதான். மூன்றாமவர் சொன்ன விலை மற்ற இருவரைவிட 300 டாலர் கூடுதல். ஆனால் அவருடைய ஷோரூம் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தது: இங்கே வாங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சின் வாரண்டி ஆயுள் முழுக்க, இலவசம்.

அப்போது ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். நாமக்கல்லில் இருபது வருஷம் சொந்த லாரி வைத்திருந்தவர். எஞ்சின் இறக்கி ஏற்றுவதற்கு என்ன செலவாகும் என்று அனுபவித்தே அறிந்தவர். "எஞ்சினுக்கே ஆயுசுக்கும் கேரண்டி தர்றான்னா வேற என்ன மாப்ள வேணும்? முந்நூறு டாலர் பாக்காதீங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையெழுத்துப் போட்டோம்.

2022 ஜூனில் ஒரு காலை, டோல்வேயில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல டக் டக்கென்று ஓசை கேட்டது. வண்டி அப்போது 88,000 மைல் ஓடியிருந்தது. தயாரித்த கம்பெனி தந்த 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தும் எனக்குப் பெரிய கவலை இல்லை. அதுதான் ஆயுள் வாரண்டி இருக்கிறதே.

டீலரின் சர்வீஸ் மேஜையில் அவர்கள் முதலில் கேட்டது ஆயில் மாற்றிய ரசீதுகளை. பதினாறு ரசீதுகளைக் கொடுத்தேன். பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்க்க 1,200 டாலருக்கு என் சம்மதக் கையெழுத்தை வாங்கினார்கள். வாரண்டி ஏற்கப்பட்டால் அந்தப் பணம் திரும்ப வரும், மறுக்கப்பட்டால் என் செலவு. ஒன்பது நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது. பேரிங் போய்விட்டது, வாரண்டி செல்லாது. காரணம், 2020 பிப்ரவரிக்கும் 2021 ஜனவரிக்கும் நடுவே ஆயில் மாற்றிய ரசீது இல்லை.

அந்தப் பதினொரு மாதமும் கொரோனா காலம். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. மொத்தமே 2,100 மைல் ஓடியிருக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கம் தெளிவாகச் சொல்கிறது: 5,000 மைல் அல்லது 6 மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றியிருக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் வாரண்டி முடிந்தது. மாற்று எஞ்சினுக்கும் கூலிக்குமாக அவர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 8,400 டாலர்.

அவர்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. ஆனால் அந்தத் தாள் என் கைக்கு வந்ததோ கடன் பத்திரம், பதிவுப் பத்திரம் எல்லாவற்றிலும் கையெழுத்திட்ட பிறகு, ஒட்டப்பட்ட ஓர் உறைக்குள். வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுப் படிக்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பது அன்றைக்குத் தெரியாது. அமெரிக்காவில் கார் வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் இன்றும் தெரியாது. இங்கே வந்து முதல் வண்டி வாங்குகிறவர்கள் மாதத் தவணையைப் பார்க்கிறார்கள், வட்டி விகிதத்தைப் பார்க்கிறார்கள். வாரண்டித் தாளைப் பார்ப்பதில்லை.

ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்?

இந்தக் கேள்வியை அமெரிக்க அரசே கேட்டிருக்கிறது. விளம்பரங்களில் வாரண்டியைப் பற்றி எப்படிச் சொல்லலாம் என்று கூட்டரசு வணிக ஆணையம், அதாவது எஃப்டிசி, வழிகாட்டு விதிகளை வைத்திருக்கிறது. ஆயுள் வாரண்டி என்று விளம்பரம் செய்தால் அது எதனுடைய ஆயுள் என்பதை, வாங்குகிறவர் கண்ணில் படும்படியும் புரியும்படியும் அதே விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. அங்கே தரப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று கார் சைலன்சர், இன்னொன்று பேட்டரி. அந்த வண்டி ஓடும்வரை என்றால், கைமாறினாலும் வாரண்டி தொடரும். வாங்கியவர் வைத்திருக்கும்வரை என்றால், விற்ற அன்றே முடிந்துவிடும். சொல் ஒன்றுதான், கால அளவோ வேறு வேறு.

டீலர்கள் தரும் எஞ்சின் வாரண்டி பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். விற்றாலும், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டாலும் தீர்ந்தது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால்கூடச் சில ஒப்பந்தங்களில் தீர்ந்தது.

மூன்றாவதாக ஓர் ஆயுளும் உண்டு; விளம்பரத்தில் அதை யாரும் எழுத மாட்டார்கள். வாக்குக் கொடுத்தவரின் ஆயுள் அது. தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டிக்கு நாடு முழுக்க எந்த ஊரிலும் அந்தக் கம்பெனியின் டீலர் பொறுப்பேற்பார். ஒரு டீலர் தன் சொந்தப் பெயரில் கொடுத்த வாரண்டிக்கு அந்த ஒரு டீலர் மட்டுமே பொறுப்பு, அல்லது அவருக்குப் பின்னால் இருந்து வாரண்டியை நடத்தும் நிர்வாக நிறுவனம். அவர் கடையை விற்றுவிட்டால்? புதிதாக வாங்கியவர் பழைய வாக்குறுதிகளையும் சேர்த்து வாங்கினாரா என்பது அந்த விற்பனைப் பத்திரத்தைப் பொறுத்தது. 2009இல் கிறைஸ்லர் கார் கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தபோது ஒரே வீச்சில் 789 டீலர்களோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அதுவரை தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கடை நடத்தியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

கிறைஸ்லரைச் சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது. 2007 ஜூலையில், விற்பனை சரிந்திருந்த நேரத்தில், தன் பெரும்பாலான வண்டிகளுக்கு ஆயுள் முழுக்க பவர்ட்ரெயின் வாரண்டி என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. டீலர் அல்ல, தயாரிப்பாளரே. எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் பாகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். அதோடு ஒரு நிபந்தனை: ஒவ்வோர் ஐந்தாம் ஆண்டு நிறைவிலும், 60 நாள் கெடுவுக்குள் வண்டியை டீலரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். 2008இல் வாங்கியவர் 2013இல் அந்தத் தேதியை நினைவு வைத்திருக்க வேண்டும், மறுபடி 2018இல். மறந்தவருக்கு வாரண்டி இல்லை. 2009இல் அந்தத் திட்டத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டு, 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று எல்லை போட்ட வாரண்டிக்கு மாறியது.

திவாலான கம்பெனியின் வாரண்டி என்ன ஆனது? 2009 மார்ச் இறுதியில் அமெரிக்க அரசே ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் வண்டிகளின் வாரண்டிக்குப் பொறுப்பேற்பதாக அறிவித்தது. ஏப்ரல் 30இல் கிறைஸ்லர் திவால் மனு கொடுத்தது. பிறகு ஃபியட்டோடு சேர்ந்து உருவான புதிய கம்பெனி பழைய வாரண்டிகளை ஏற்றுக்கொண்டது. நாட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று என்பதால் அரசு கைகொடுத்தது. உங்கள் ஊர் டீலர் கடையை மூடினால் எந்தக் குடியரசுத் தலைவரும் அறிக்கை விட மாட்டார்.

டீலருக்கு இதில் என்ன லாபம்?

8,000, 10,000 டாலர் விலையுள்ள எஞ்சினுக்கு ஒருவர் எப்படி இலவசமாக ஆயுள் வாரண்டி தர முடியும்? விடை எளிது. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை 1,00,000 மைலைத் தொல்லையில்லாமல் கடக்கும். முதல் 60,000 மைலுக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி இருக்கிறது. அதுவரை டீலருக்குச் செலவே இல்லை. அதற்குப் பிறகு பலர் வண்டியை மாற்றிவிடுவார்கள். மாற்றாதவர்களில் சிலரிடம் ரசீது இருக்காது. இத்தனையும் தாண்டி மிஞ்சுகிற ஒன்றிரண்டு பேருக்காக டீலர் ஒரு நிர்வாக நிறுவனத்துக்கு வண்டிக்கு இவ்வளவு என்று சிறு தொகை கட்டிவிடுகிறார். பின்னால் ஒரு காப்பீடும் இருக்கும்.

வருமானம் எங்கே என்றால், ஆயில் மாற்ற நீங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அவருடைய சர்வீஸ் பகுதிக்கு வருவதில்தான். வந்தால் வைப்பர் தேய்ந்திருக்கிறது, பிரேக் பேட் மெலிந்திருக்கிறது, ஏர் ஃபில்டர் அழுக்காக இருக்கிறது, கூலன்ட்டை மாற்ற வேண்டும். புதிய கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெல்லியது. அவரைத் தாங்குவதில் சர்வீஸுக்கும் உதிரிபாகங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆயுள் வாரண்டி என்பது உங்களை அந்த சர்வீஸ் வாசலோடு கட்டிவைக்கும் கயிறு. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கயிறு யாருடைய வசதிக்காக முறுக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாளில் எங்கே பார்க்க வேண்டும்

என் ஒப்பந்தம் ஆறு பக்கம். எனக்கு நேர்ந்த பிறகு நண்பர்கள் வைத்திருந்த இதே மாதிரி ஒப்பந்தங்கள் சிலவற்றையும் வாங்கிப் படித்தேன். பெயர் மாறும், முத்திரை மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் எஞ்சின் என்ற சொல்லே நாம் நினைப்பது அல்ல. எஞ்சினுக்குள்ளே ஆயிலில் நனைந்து இயங்கும் பாகங்கள் என்று எழுதியிருப்பார்கள். பிஸ்டன், கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட், பேரிங், வால்வு இவை உள்ளே. சீல், கேஸ்கெட், பெல்ட், ஹோஸ், சென்சார், ரேடியேட்டர் இவை வெளியே. ஆனால் நிஜத்தில் எஞ்சின் எப்படிச் சாகிறது? பத்து டாலர் சீல் கசிந்து ஆயில் குறைந்து பேரிங் தேய்கிறது. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் வடிந்து எஞ்சின் சூடேறுகிறது. வாரண்டி இல்லாத பாகம் கெட்டதால் வாரண்டி உள்ள பாகம் கெட்டால் பொறுப்பில்லை என்றும், அதிகச் சூட்டால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் இரண்டு வரிகள் அதே தாளில் இருக்கும். இந்த இரண்டு வரிகளே பெரும்பாலான எஞ்சின் சாவுகளை வாரண்டிக்கு வெளியே தள்ளிவிடப் போதும். என்னைக் கேட்டால், முழு ஒப்பந்தத்தையும் படிக்க நேரமில்லாதவர் இவற்றை மட்டுமாவது தேடிப் படிக்க வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. எத்தனை மைலுக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? தயாரிப்பாளரின் கையேடு 10,000 மைல் என்று சொல்லும். டீலரின் தாள் 5,000 என்று சொல்லும். இரண்டும் முரண்பட்டால் வாரண்டிக்குக் கணக்கில் வருவது டீலரின் தாள்தான். ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். தேதி, மைல் அளவு, பதினேழு எழுத்து வண்டி எண், ஆயிலின் தரம் என எல்லாமே கேட்கப்படலாம். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களை ஒரு சில ஒப்பந்தங்கள் ஏற்கும், ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீது இருந்தால்; பல ஏற்காது.

பிறகு அனுமதி. வண்டி நடுவழியில் நின்றால் முதல் வேலை நிர்வாக நிறுவனத்தைக் கூப்பிடுவதுதான். முன்அனுமதி இல்லாமல் வேறொரு மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துவிட்டால் கோரிக்கை அங்கேயே செத்தது. வெளியூர்ப் பயணத்தில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. கோரிக்கை வைக்கும் நாளில் வண்டியின் சந்தை மதிப்பு எவ்வளவோ அதற்கு மேல் தர மாட்டோம் என்பது வழக்கமான வரி. பன்னிரண்டு வயது வண்டியின் மதிப்பு 4,000 டாலர் என்றால், 8,400 டாலர் எஞ்சினுக்கு ஆயுள் வாரண்டி தருவதும் 4,000தான். வண்டி வயதாக ஆக வாரண்டியும் சுருங்கிக்கொண்டே போகும்.

இதே வண்டியை வாடகைக்கோ, உணவு கொண்டுபோய்க் கொடுக்கவோ ஓட்டினால் வணிகப் பயன்பாடு என்று வாரண்டி போய்விடும். மாணவர் விசாவில் இருந்து வேலைக்கு மாறும் காலத்தில் மாலை நேரங்களில் ஊபர் ஓட்டுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது.

சட்டம் உங்கள் கையில் தருவது

மக்னூசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் என்று ஒன்று 1975 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் இருக்கிறது. எழுத்து வாரண்டி கொடுக்கிறவர் யாராயிருந்தாலும், தயாரிப்பாளரோ டீலரோ, அது முழு வாரண்டியா வரம்புக்குட்பட்ட வாரண்டியா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். டீலர் தாளில் வரம்புக்குட்பட்டது என்றே இருக்கும்.

இந்தச் சட்டத்தின் கீழ் எஃப்டிசி வகுத்த விதி ஒன்றின்படி, 15 டாலருக்கு மேல் விலையுள்ள எந்தப் பொருளுக்கும் எழுத்து வாரண்டியை விற்பனைக்கு முன்பே வாங்குகிறவர் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். 40,000 டாலர் வண்டிக்கு அதைக் கேட்பதில் வெட்கமோ தயக்கமோ எதற்கு? "வாரண்டியின் முழு வாசகத்தையும் காட்டுங்கள், படித்துவிட்டுப் பேசலாம்" என்று சொல்லுங்கள். விளம்பரத் துண்டுத்தாள் போதாது. விற்பனையாளர் வாயால் சொல்வதும் போதாது. "அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் சார், ஒரு ரசீது விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது" என்று அவர் சொன்னால், அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

இரண்டாவது உரிமை இன்னும் பெரியது. ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஆயிலையோ, பாகத்தையோ, சர்வீஸ் கடையையோ காசு கொடுத்துப் பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று கட்டிப்போட இந்தச் சட்டம் தடை விதிக்கிறது. அந்தப் பொருளையோ சேவையையோ இலவசமாகத் தந்தால் மட்டும் அப்படி நிபந்தனை போடலாம். அல்லது ஆணையத்திடம் தனியே விலக்கு வாங்க வேண்டும். 2015இல் பிஎம்டபிள்யூவின் மினி பிரிவின் மீது எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான்: மினி பாகங்களையும் மினி டீலர்களையும் பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று உரிமையாளர்களிடம் சொல்லப்பட்டது என்பது குற்றச்சாட்டு. கம்பெனி சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எங்கே ஆயில் மாற்ற வேண்டும் என்று கட்டுப்படுத்துவதைத்தான் சட்டம் தடுக்கிறது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும், அதற்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதை அது தடுக்கவில்லை. நான் தோற்றது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, வாரண்டிக்கும் சர்வீஸ் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடு. வண்டி விலைக்குள்ளேயே அடங்கி வருவது வாரண்டி. ஃபைனான்ஸ் அறையில் உட்காரவைத்துத் தனியாக 2,000, 3,000 டாலருக்கு விற்பது, வாயால் வாரண்டி என்று சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் சர்வீஸ் ஒப்பந்தம். கட்டிப்போடுவதற்கு எதிராக மேலே சொன்ன தடை அதற்குப் பொருந்தாது. அந்தத் தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டால் ஐந்தாறு வருஷம் அதற்கும் வட்டி கட்டுவீர்கள். கார் ரிப்பேர் ஒப்பந்தங்களைத் தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்த கார்ஷீல்ட் என்ற நிறுவனம், விளம்பரங்கள் மக்களைத் தவறாக நம்பவைத்தன என்ற எஃப்டிசி குற்றச்சாட்டைத் தீர்க்க 2024 ஜூலையில் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. எல்லா ரிப்பேரும் அடக்கம் என்று நம்பியவர்கள், வண்டி கெட்ட பிறகு பல ரிப்பேர்கள் அடக்கமில்லை என்று அறிந்துகொண்டார்கள் என்பதே அந்த வழக்கின் சாரம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டீலர் விற்கும் பழைய காரின் கண்ணாடியில் பையர்ஸ் கைடு என்ற தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது எஃப்டிசி விதி. உள்ளது உள்ளபடியே, வாரண்டி இல்லை என்று அதில் குறியிட்டிருக்கலாம். ஆனால் அதே டீலர் எழுத்து வாரண்டி கொடுத்தாலோ, விற்று 90 நாளுக்குள் தன்னுடைய சர்வீஸ் ஒப்பந்தம் ஒன்றை உங்களுக்கு விற்றாலோ, விற்ற பொருள் ஓரளவு ஒழுங்காக இயங்க வேண்டும் என்ற சட்டத்தின் உள்ளார்ந்த உத்தரவாதத்திலிருந்து அவர் முற்றாகக் கைகழுவ முடியாது. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர்கள் முதலில் பிடிக்கும் நூல் இது.

மறுத்துவிட்டால்

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவின்படி, எந்த ஆதாரத்தின் பேரில் மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று, நான்கு மின்னஞ்சல் ஆயிற்று. அடுத்து, கழற்றிய பாகங்களைத் தூக்கி எறிய விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அந்த டீலரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, எஞ்சின் ஏன் போயிற்று என்று எழுதி வாங்குங்கள். பழைய ஆயிலைப் பரிசோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் இருக்கின்றன. பராமரிப்புக் குறையால் போகவில்லை, தயாரிப்புக் குறையால் போயிற்று என்று காட்ட முடிந்தால் பேச்சே மாறிவிடும்.

பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தாளின் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள். சர்வீஸ் ஒப்பந்தமாக இருந்தால், பல மாநிலங்களில் அதற்கு ஆதரவாக நிற்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். டெக்சாஸ் உட்படப் பல இடங்களில், ஒப்பந்தம் தந்தவர் 60 நாளுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் நேரே அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கலாம். இதைச் சொன்னதுமே தீர்ந்த தகராறுகள் எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் எஃப்டிசிக்கும் புகார் எழுதலாம். எஃப்டிசி உங்கள் தனி வழக்கைத் தீர்த்து வைக்காது. ஆனால் ஒரே நிறுவனத்தின்மேல் புகார்கள் குவிந்தால்தான் அங்கே கோப்பு திறக்கும். டெக்சாஸில் சர்வீஸ் ஒப்பந்தம் விற்பவர்களை மாநிலத்தின் தொழில் உரிமத் துறை கண்காணிக்கிறது. அங்கேயும் ஒரு புகார் போடலாம்.

பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். வக்கீல் இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். டெக்சாஸில் 20,000 டாலர் வரை, கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை, நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரை கேட்கலாம். ஒப்பந்தத்தில் நடுவர் முறைப் பிரிவு இருந்தால் கவனமாகப் படியுங்கள். சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு அதில் விலக்கு தந்திருப்பது வழக்கம். பெரிய தொகை என்றால் வக்கீலைப் பார்க்கலாம். மக்னூசன்-மாஸ் சட்டத்தில் வெல்லும் நுகர்வோரின் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பைத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விசா நிலையைப் பற்றிய பயத்தால் நீதிமன்றப் படியேறத் தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். இது உரிமையியல் வழக்கு. வழக்குப் போடக் குடியுரிமை வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்றை நான் கடைசியாகத்தான் செய்தேன். வண்டி எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பார்ப்பது. தயாரிப்பாளர் அந்த எஞ்சினுக்கு டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் குறிப்புகளைத் தேடுவது. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவை நேரே கூப்பிடுவது. அத்தான் ஒருவர் ஹூஸ்டனில் இருக்கிறார். அவர்தான், "டீலரோட மல்லுக்கட்டுறதை விடு, கம்பெனிக்குப் போன் போட்டு கேஸ் நம்பர் வாங்கு" என்றார். வாங்கினேன். பதினாறு ரசீதுகளையும் அனுப்பினேன். டீலரிடம் செல்லாத அதே ரசீதுகள் தயாரிப்பாளரிடம் மதிப்புப் பெற்றன. வாரண்டி முடிந்தும் நல்லெண்ண உதவியாக 2,500 டாலர் தந்தார்கள். மீதி என் பணம்.

மதிப்புள்ள ஆயுள் வாரண்டி

எஞ்சினுக்கு உண்மையான ஆயுள் வாரண்டி என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது எந்த ஷோரூம் பேனரிலும் பிறக்கவில்லை. ஹூண்டாய், கியா கம்பெனிகளின் தீட்டா 2 எஞ்சின்களில், கிராங்க்ஷாஃப்ட்டைக் கடைந்தபோது எஞ்சியிருந்த உலோகத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்து, பேரிங்குகளைத் தேய்த்தன. ஓடும்போதே எஞ்சின் நின்றுபோனது. 2015இலும் 2017இலும் பல லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ரீகால்களைக் காலம் தாழ்த்திச் செய்ததாகக் கண்ட பாதுகாப்புத் துறையோடு 2020 நவம்பரில் இரு கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின் மொத்த மதிப்பு 21 கோடி டாலர். உள்ளே இருந்து உண்மையைச் சொன்ன பொறியாளர் கிம் குவாங்-ஹோவுக்கு அடுத்த ஆண்டு 2.4 கோடி டாலருக்கு மேல் பரிசாக வழங்கப்பட்டது.

உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கின் சமரசத்தில், பாதிக்கப்பட்ட மாடல்களில் ஷார்ட் பிளாக் எனப்படும் எஞ்சினின் அடிப்பகுதிக்கு, பேரிங் கோளாறால் வரும் சேதத்துக்கு, ஆயுள் வாரண்டி கிடைத்தது. கைமாறி வாங்கியவருக்கும் அது தொடரும். எஞ்சின் தட்டும் ஓசையை முன்கூட்டியே உணரும் மென்பொருளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். ஒரு ரசீது விட்டுப்போனது என்பதற்காகக் கதவைச் சாத்த முடியாது. விதிவிலக்கான அளவுக்குப் பராமரிப்பை அலட்சியம் செய்திருந்தால்தான் மறுக்கலாம். அந்த மாடல்களில் பழைய கார் வாங்கிய நம்மவர்கள் பலர், தங்களிடம் இப்படியொன்று இருப்பதே தெரியாமல் எஞ்சினுக்குச் சொந்தப் பணம் கொடுத்திருக்கக்கூடும். வண்டி எண்ணை வைத்துக் கம்பெனியிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.

டீலர் தருவது அப்படியொன்று அல்ல. என் முடிவு இது: இலவசமாக வந்தால், எப்படியும் அந்த டீலரிடமே சர்வீஸ் செய்யப் போகிறீர்கள் என்றால், பத்து வருஷமும் ஒரே ஊரில் இருந்து ரசீதுகளைக் கோப்பில் வைத்திருப்பவர் நீங்கள் என்றால், அதை வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் பயன் உண்டு. அதற்காக வண்டி விலையில் 300 டாலர் என்ன, 30 டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வேலை மாறி ஊர் மாறுகிறவர்களுக்கு, நான்கைந்து வருஷத்தில் வண்டியை விற்கிறவர்களுக்கு அது வெறும் தாள். எஞ்சின் பயம் நிஜமாகவே இருந்தால் தயாரிப்பாளரின் சொந்த வாரண்டி நீளமாக உள்ள வண்டியைப் பாருங்கள். ஹூண்டாயும் கியாவும் முதல் உரிமையாளருக்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் தருகின்றன. டொயோட்டா, ஹோண்டா 5 ஆண்டு அல்லது 60,000 மைல்.

போன வருஷம் மகளுக்காக ஒரு கார் பார்க்கப் போனோம். அங்கேயும் அதே பேனர். வாரண்டியின் முழுத் தாளையும் முதலில் காட்டச் சொன்னேன். விற்பனையாளர் ஃபைனான்ஸ் அறையில் தருவார்கள் என்றார். நான் இப்போதே வேண்டும் என்றேன். நாற்பது நிமிஷம் கழித்து ஏழு பக்கம் வந்தது. மகளும் நானும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து படித்தோம். சூடேறினால் பொறுப்பில்லை என்ற வரி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அவள்தான் கண்டுபிடித்துப் பேனாவால் கோடிட்டாள். உள்ளே திரும்பிப் போய், அந்த வாரண்டி இல்லாமல் என்ன விலை என்று கேட்டோம்.